பக்கெட்டுக்கு என்ன மரியாதை

பாய்லர்காரர் இருபத்திரண்டு வருஷமாக ஒரே பாய்லரோடு குடும்பம் நடத்தியவர். வீட்டில் இருந்த நேரத்தைவிட அதோடு இருந்த நேரம்தான் அதிகம் என்று அவர் மனைவி சொல்வாள். அவரும் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு மறுக்காமல் இருந்துவிடுவார். வேளாவேளைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், எண்ணெய் கொடுக்க வேண்டும், அடிவயிற்றில் சேறு தங்காமல் திறந்துவிட வேண்டும். முகம் சுளித்தால் கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து ஆற்ற வேண்டும். அது விடுகிற நீராவியில்தான் அந்தச் சலவை ஆலையே ஓடியது. ஆஸ்பத்திரிப் போர்வைகளும் ஓட்டல் மேசைத்துணிகளும் அவர் தயவில் வெளுத்து, உலர்ந்து, சூடான உருளைகளுக்கு நடுவே நசுங்கி, மடிப்பு ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தன.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஒற்றை எழுத்து ஒன்று மூன்று நாளாகச் சாப்பிடவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

வினை வந்தது இப்படித்தான். அடுத்த ஷிப்ட்டில் பதினைந்து வருஷமாக இருந்த, எல்லாரும் மொட்டை என்று கூப்பிட்டவர் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் இடத்துக்கு எங்கிருந்தோ ஒரு ஆள் வருகிறார். நல்ல வேலைக்காரர், ஆனால் நம் பேச்சு ஒரு சொல்லும் தெரியாது. அவர் பேச்சு இங்கே யாருக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக, இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்தது இங்கிலீஷ். ஆகையால் ஷிப்ட் மாறும்போது செய்ததையும் செய்ய வேண்டியதையும் இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று இன்ஜினியரம்மா சொல்லிவிட்டார்.

"பத்து நாள் டைம் அண்ணே. பத்தாம் நாள் என் முன்னாடி உக்காந்து ஒரு பக்கம் எழுதுங்க. வரலைன்னா சங்கடப்பட வேண்டாம், மடிப்பு ஹால்ல இடம் இருக்கு."

மடிப்பு ஹால் என்றதும் பாய்லர்காரர் ஒரு அடி பின்னால் போனார். அங்கே முப்பது பெண்கள் வேலை செய்தார்கள். அந்த முப்பது பேரையும் கண் அசைவில் ஆட்டிப்படைத்த மேஸ்திரியம்மா அவருடைய சொந்த மனைவி. வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வது போதாதென்று, சீருடை போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் அதையே சம்பளத்துக்கு வாங்கிக் கட்டிக்கொள்வதா?

அவருக்கு இங்கிலீஷ் சொற்கள் பயமில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பாய்லர், பம்ப், வால்வு, கேஜ் என்று அவர் தொழிலில் பாதிச் சொல் இங்கிலீஷ்தான். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் வாசல் காவலாளி மாதிரி நின்ற சின்னச் சொற்கள்தான் அவரை உள்ளே விடவில்லை. சில பெயருக்கு முன்னால் 'தி'. சில பெயருக்கு முன்னால் 'ஏ'. சில இடத்தில் காவலே இல்லை, கதவு திறந்து கிடந்தது.

இன்ஜினியரம்மா மாதிரிக்கு என்று ஒரு தாள் கொடுத்திருந்தார். அதை மடித்து மடித்துப் பார்த்து மூன்றாம் நாள் சாயங்காலம் பாய்லர்காரர் ஒரு உண்மையைக் கண்டுபிடித்தார். சமையலறையில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிடிபட்டிருச்சு!"

"எலியா?"

"இங்கிலீஷு. இதப் பாரு. தி பாய்லர், தி இன்ஜினியர், தி கேஜ். இந்தப் பக்கம் என்ன இருக்கு? ஏ லீக்கு, ஏ துணி, ஏ பக்கெட்டு. என்ன தெரியுது?"

"வெங்காயம் கண்ணைக் கரிக்குது, ஒண்ணும் தெரியல."

"மரியாதைம்மா, மரியாதை! பெரிய மனுஷங்களுக்கு 'தி'. அல்லறை சில்லறைக்கெல்லாம் 'ஏ'. நாம நீங்க, நீன்னு சொல்றோமில்ல, அது மாதிரி. வெள்ளைக்காரன் அதை முன்னாடி போட்டு வச்சிருக்கான்."

அவள் கத்தியை நிறுத்தி யோசித்தாள். "ஏ பக்கெட்டு... அட, ஆமா. ஏய் பக்கெட்டு, இங்க வாடான்ற மாதிரிதான் இருக்கு."

"அதான் சொல்றேன்!"

அன்றைக்கு மூன்று நாள் பசியும் சேர்த்துச் சாப்பிட்டார். மறுநாள் பாய்லர் அறையில் நோட்டுப் புத்தகத்தோடு சுற்றிவந்து ஒவ்வொரு சாமானுக்கும் அந்தஸ்து வழங்கினார். பாய்லருக்குக் கேள்வியே இல்லை, 'தி'. சேஃப்டி வால்வுக்கு 'தி', உயிரைக் காப்பாற்றுகிறது. துடைப்பத்துக்கு 'ஏ'. இரண்டு தண்ணீர் பம்ப்புகளில் புதியது ஒழுங்காக ஓடியது, அதற்கு 'தி'. பழையது வாரம் ஒருமுறை காற்றை விழுங்கிவிட்டு நின்றுவிடும், அதற்கு 'ஏ' போட்டுத் திட்டிவிட்டும் வந்தார். நாற்காலியிடம் வந்தபோது கொஞ்சம் தயங்கினார். இருபத்திரண்டு வருஷம் அவரைத் தாங்கிய நாற்காலி. ஒரு கால் ஆடினாலும் விசுவாசி. 'தி' கொடுத்தார். கடைசியில் தன் பெயருக்கு நேராக, அடக்கமான மனிதர் என்பதால், 'ஏ' போட்டுக்கொண்டார்.

இந்தப் பட்டியலை ஐந்தாம் நாள் அவர் மச்சான் பார்த்தான். மனைவியின் தம்பி. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் டைப் அடிப்பவன். வாரத்தில் மூன்று நாள் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. சாப்பாட்டுக்குக் கைம்மாறாக அறிவுரை கொடுப்பான்.

"மாமா, நாற்காலிக்கு எதுக்கு மாமா தி?"

"நல்ல நாற்காலி மச்சான்."

"அய்யோ!" மச்சான் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான். "மரியாதையாவது மண்ணாவது. இது சட்டம். ஒரு வீட்டை விக்கறோம்னு வைங்க. மொதல்ல எழுதும்போது ஏ ஹவுஸ். யாருக்கும் அந்த வீட்டைத் தெரியாது. அதுக்கப்புறம் நூறு தடவை எழுதினாலும் தி செட் ஹவுஸ். மேற்படி வீடு. மொதல் தடவை 'ஏ', அப்புறம் 'தி'. அறிமுகம் ஆகற வரைக்கும்தான் 'ஏ'. அவ்வளவுதான் இங்கிலீஷ்!"

"நாற்காலிய எனக்கு இருபத்திரண்டு வருஷமாத் தெரியுமேடா."

"பேப்பருக்குத் தெரியாதில்ல மாமா."

பாய்லர்காரர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். கட்டின கட்டடம் ஒரே வாயில் சரிந்துவிட்டது. ஆனால் மச்சான் சொன்னதிலும் ஒரு நேர்த்தி இருந்தது. மறுநாள் புது முறைப்படி ஒரு பக்கம் எழுதி இன்ஜினியரம்மாவிடம் நீட்டினார். அவர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"ஏ பாய்லர்னு போட்டிருக்கீங்க. நம்மகிட்ட எத்தனை பாய்லர் அண்ணே இருக்கு?"

"ஒண்ணுதாம்மா."

"அப்ப தி பாய்லர் இல்லையா?"

"மொத தடவைம்மா. இனிமேதான் மேற்படி பாய்லர் ஆகும்."

இன்ஜினியரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று பாய்லர்காரருக்குத் தெரிந்தது. நல்ல பெண், சிரித்தால் அவர் மனம் நோகும் என்று அடக்குகிறது. அப்படித் தெரிந்துபோனதுதான் அதிகமாக நோகடித்தது. "வர்றவருக்கு எதுன்னு தெரியுமா தெரியாதா, அதை மட்டும் பாருங்க அண்ணே" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன்பே சொன்னார்: "நான் துணி மடிக்கத்தான் லாயக்கு."

"துணி மடிக்கறதுன்னா அவ்வளவு சுலபமாப் போச்சா உங்களுக்கு?" என்றாள் மேஸ்திரியம்மா. "உக்காருங்க. என்ன சொன்னாங்க அந்த அம்மா?"

சொன்னார். அவள் கேட்டுவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்பது போல் தலையை ஆட்டினாள்.

"எங்க ஹால்ல நடக்கறதுதானே. ஒருத்தி வந்து துணி கிழிஞ்சிருச்சுக்கான்னா, எந்தத் துணின்னு கேப்பேன். அது மாதிரி. நீங்க ஒரு சாமான் பேரைச் சொல்லுங்க. எதுன்னு நான் கேக்க வேண்டியிருந்தா 'ஏ'. கேக்காமலே தெரிஞ்சா 'தி'. எங்க, சொல்லுங்க பாப்போம்."

"பக்கெட்டு."

"உங்க ஓட்டை பக்கெட்டு. சாக்கு வச்சு அடைச்சிருப்பீங்களே."

"துணி."

"கேஜ் கண்ணாடி தொடைக்கற துணி. என் பழைய பச்சைச் சேலை."

"ஸ்பேனர்."

"கைப்பிடியில சிவப்புப் பெயிண்ட் அடிச்சது. மொட்டை தூக்கிட்டுப் போயிடுவாருன்னு."

"நெதம் ஒரு இடத்துல லீக்காகும்..."

"பழைய பம்ப்புக்குக் கீழ. அஞ்சு வருஷமா அங்கதானே சொட்டுது."

பாய்லர்காரர் நோட்டை மூடினார். "உனக்கு எல்லாமே தெரியுதே. அப்ப எல்லாத்துக்கும் 'தி'யா?"

 அவள் இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் அந்த அறையைப் பற்றிக் கேட்டவள். பாய்லர் அறைக்குள் நாலைந்து தடவைக்கு மேல் காலெடுத்து வைத்ததில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எங்கே என்று சொல்லிவிடுவாள். வருகிற புது ஆளுக்குப் பதிலாக உட்கார அவளைவிட மோசமான ஆள் கிடைக்க மாட்டார்.

வார விடுமுறை அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தேர்வுக்கு இன்னும் இரண்டு நாள். மேஸ்திரியம்மா குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"நான் வெளிய போய்ட்டு வர்றேன். வரும்போது நான் உங்க பொண்டாட்டி இல்ல. புது ஆளு. எனக்கு ஒண்ணுமே தெரியாது. அலமாரிதான் பாய்லர். சும்மா பேசுங்க, பேரு வர்ற எடத்துல மட்டும் 'ஏ'யோ 'தி'யோ போடுங்க."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கொஞ்சம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் குடையிலிருந்து சொட்டச் சொட்ட நின்றாள், முகத்தை மூன்றாம் மனுஷி மாதிரி வைத்துக்கொண்டு.

"வணக்கம். நான் புதுசா வேலைக்கு வந்திருக்கேன்."

பாய்லர்காரருக்குச் சிரிப்பு வந்தது. "உள்ள வாங்க."

"செருப்பைக் கழட்டணுங்களா?"

"பாய்லர் ரூம்ல எவன் செருப்பைக் கழட்டுவான்?"

"எனக்கென்னங்க தெரியும், நான் புதுசு."

வீடு நனைய வேண்டாமே என்று குடையை மட்டும் மடக்கி வைத்துவிட்டு அவள் உள்ளே வந்தாள். அவர் அலமாரியைக் காட்டினார். "இதுதான்... பாய்லர்."

"எந்த பாய்லருங்க?"

"கண்ணு தெரியலையா? ஒண்ணுதான இருக்கு!"

"அப்ப தி பாய்லர். சரிங்க. மேல சொல்லுங்க."

"தண்ணி மட்டம் காட்டற கேஜ் கண்ணாடிய தினமும் தொடைக்கணும். துணி அந்த மூலையில கெடக்கும்."

"எந்தத் துணிங்க?"

வாயைத் திறந்தார். பச்சைச் சேலை என்று சொல்ல வந்தவர் நிறுத்தினார். இந்த ஆளுக்குப் பச்சைச் சேலையைத் தெரியாதே. "எதோ ஒரு துணி. எதை எடுத்தாலும் சரிதான்."

"அப்ப ஏ துணி."

"அட!" என்றார் பாய்லர்காரர். எட்டு நாளில் முதல் தடவையாக அவருக்குள் எதோ ஒரு வால்வு திறந்த மாதிரி இருந்தது. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்து இதுதான் பழைய பம்ப் என்றார். கட்டிலைத் தண்ணீர்த் தொட்டி ஆக்கினார். ஒவ்வொன்றுக்கும் புது ஆள் எதுங்க, எதுங்க என்று கேட்டாள். தெரியாத இடத்தில் சொன்னார், தெரிந்த இடத்தில் முறைத்தார். அரைமணி நேரத்தில் வீடே பாய்லர் அறையாகிவிட்டது. மழைச் சத்தம்கூட நீராவிச் சத்தம் மாதிரி ஒத்துழைத்தது.

"ஷிப்ட் மாறும்போது அடி வால்வைத் தெறந்து சேத்துத் தண்ணிய வெளிய விடணும். அதுக்கு ரெண்டு பேர் வேணும். நான் பின்னாடி கீழ உக்காந்து வால்வைத் தெறப்பேன். அங்கேருந்து எனக்குக் கண்ணாடி தெரியாது. நீங்க முன்னாடி நின்னு கண்ணாடியப் பாக்கணும். தண்ணி இந்தக் கோடு வரைக்கும் எறங்கினதும் எனக்குச் சொல்லணும். சொல்லாம விட்டா தண்ணி வத்தி பாய்லரே நாசமாயிடும். நாமளும்தான்."

"சரிங்க. கோடு வந்ததும் போதும்னு கத்தறேன்."

"கத்தாதீங்க. குழாயைத் தட்டுங்க. ஸ்பேனரால ரெண்டு தட்டு. எனக்குக் கையில அதிரும்."

"எதுக்குங்க தட்டணும்? கத்தினா ஆகாதா?"

"கத்தினா கேக்காது."

"பாய்லர் சத்தத்துலயா?"

"இல்ல. என் இடது காது சுத்தமாப் போச்சு. வலதுலயும் மெல்லிசாச் சீறுறது எதுவும் விழறதில்ல. வால்வு லேசாச் சீற ஆரம்பிச்சா நான் முள்ளைப் பாத்துத்தான், குழாயில கைய வச்சுத்தான் தெரிஞ்சுக்குவேன். அதனால என்னை நம்பி..."

அவர் நிறுத்தினார். புது ஆளிடம் எவ்வளவு சரளமாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. அலமாரிக்கு முன்னால் நின்றவளின் முகத்தில் இப்போது மூன்றாம் மனுஷி இல்லை.

"எப்ப இருந்து?"

"அது... ரெண்டு வருஷம் இருக்கும்."

"மொட்டைக்குத் தெரியுமா?"

"தெரியும். அவர்தான் குழாயைத் தட்டற யோசனையச் சொன்னாரு."

"மொட்டைக்குத் தெரியும்" என்றாள் அவள். மறுபடியும் சொன்னாள். "மொட்டைக்குத் தெரியும். நெதம் உங்களுக்குச் சோறு போடறவளுக்குத் தெரியாது."

"சொன்னா நீ வேலைய விடச் சொல்லுவ."

"போன வருஷம் நான் காய்ச்சல்ல படுத்திருந்தேனே. இதே கட்டில்ல. நீங்க அந்தப் பக்கம் உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. தண்ணி வேணும்னு மூணு தடவை கூப்பிட்டேன். நீங்க திரும்பவே இல்ல."

"கேக்கலம்மா."

"நானே செவுத்தைப் பிடிச்சிட்டு எழுந்து போய்க் குடிச்சேன். அன்னைக்கு நெனச்சேன், சரி, இந்த மனுஷனுக்கு நாம சலிச்சுப் போயிட்டோம்னு. அதோட பல சமயம் கூப்பிடறதையே விட்டுட்டேன்." அவள் குரல் உடைந்ததா, மழை வலுத்ததா, அவருக்குப் பிடிபடவில்லை. கொஞ்சமாவது கேட்கிற வலது காது சுவர்ப் பக்கம் இருந்தது. "ஒரு வருஷம்! ஒரு வருஷமா நான் உங்க மேல கோவமா இருக்கேன், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதே."

"அதெப்படித் தெரியும்!"

சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் விழுந்த வேகத்தில், கேட்காத காதுக்குக்கூட அவை கேட்டன. முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள், வலது காதுக்கு வாகாகக் கொஞ்சம் தள்ளி. அதற்குள் இடம் கண்டுபிடித்துவிட்டாள்.

"இந்தக் காது விஷயத்தை நாளன்னைக்கு எழுதப் போறீங்களா?"

"எழுதினா பாய்லரை விட்டு எறக்கிடுவாங்க."

"எறக்கிட்டா?"

"எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார் பாய்லர்காரர். அதைச் சொல்லும்போது முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "அப்ப குழாயைத் தட்டச் சொல்லி மட்டும் எழுதுங்க. காரணம் எதுக்கு? பழக்கம் அப்படின்னு நெனச்சுக்கட்டும். வெளிய டாக்டர்கிட்ட நாம தனியாப் போவோம்."

அது நல்ல யோசனையாகப் பட்டது. பிறகு மச்சான் வந்தபோது, காதைப் பற்றி வாயைத் திறக்காமல், குழாயைத் தட்ட வேண்டும் என்று எப்படி எழுதுவது என்று மட்டும் கேட்டார்கள். மேற்படி குழாயா, இல்லை வெறும் குழாயா என்று அவன் ஒருமணி நேரம் குழப்பிவிட்டு, வந்ததற்கு நான்கு ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போனான்.

பத்தாம் நாள் காலை இன்ஜினியரம்மாவின் சின்ன அறை. கண்ணாடி ஜன்னல் ஆவியில் மங்கிப்போயிருந்தது. பாய்லர்காரர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். துடைத்தும் தாளில் எண்ணெய் விரல் பதிந்தது.

எழுதினார். பாய்லர் நன்றாக இருக்கிறது. பழைய பம்ப் காற்றை விழுங்கும், மூடியைத் தளர்த்திக் காற்றை விடவும். அதன் கீழே ஒரு கசிவு, ஒரு பக்கெட் வைக்கவும். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் வாசலில் குடையோடு நின்றவளைக் கற்பனை செய்துகொண்டார். எதுங்க? எதுங்க? அவள் கேட்டால் ஒன்று, கேட்காவிட்டால் இன்னொன்று. ஆனால் பாதி இடத்தில் அவள் கேட்பாளா மாட்டாளா என்றே தெரியவில்லை. தண்ணீருக்கு என்ன போடுவது? தண்ணீரை மென்மையாக்கப் போடுகிற உப்புக்கு? போட்டார், அடித்தார், மறுபடியும் போட்டார். ஒரு கட்டத்தில் மரியாதை முறையும் பத்திர முறையும் உள்ளே புகுந்து, மூன்று பேர் ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

அடி வால்வுக்கு வந்தார். ஸ்பேனரால் குழாயை இரண்டு முறை தட்டவும். கத்த வேண்டாம். முற்றுப்புள்ளி வைத்தார். பேனாவை மூடியும் விட்டார்.

அப்போதும் அந்தக் குடைக்காரி போகவில்லை. எதுக்குங்க தட்டணும், கத்தினா ஆகாதா?

மொட்டை ஒருநாளும் மறந்ததில்லை, ஏனென்றால் மொட்டைக்குத் தெரியும். காரணம் தெரியாதவன் முதல் வாரம் தட்டுவான். இரண்டாவது வாரம் அவசரத்தில் ஸ்பேனர் கையில் அகப்படாது. 'போதும்' என்று அவன் பாஷையில் ஒரு கத்துக் கத்திவிட்டு நிம்மதியாக நிற்பான். பின்னால் ஒருத்தர் வால்வைத் திறந்து பிடித்துக்கொண்டு, தட்டு வரட்டும், தட்டு வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார். கண்ணாடியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

பேனாவைத் திறந்தார். பாய்லர்காரருக்குக் காது கேட்காது என்று எழுதினார். இடது காது முழுசாக, வலது காது கொஞ்சம். எழுதியபோது வந்தது பார் இன்னொரு சங்கடம். இடது காதுக்கு 'ஏ'யா 'தி'யா? மனுஷனுக்கு இடது காது ஒன்றுதான், ஆகவே 'தி'. ஆனால் வருகிறவன் இந்தக் காதைப் பார்த்ததே இல்லையே, அறிமுகமில்லாத காது, ஆகவே 'ஏ'. மரியாதை என்று பார்த்தால், இரண்டு வருஷமாக வேலைக்கே வராத காதுக்கு என்ன மரியாதை? வேலை போகப் போகிறதே என்று வர வேண்டிய கவலை வரவில்லை. முழுக் கால்மணி நேரம் இதிலேயே போனது. கடைசியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்ஜினியரம்மா சிவப்புப் பேனாவோடு படித்தார். சிவப்பு அங்கங்கே இறங்கியது. பாய்லர்காரர் எண்ணிக்கொண்டு வந்து, பதினொன்றில் விட்டுவிட்டார்.

"நெறைய இடத்துல தப்பு அண்ணே. ஆனா பம்ப்ல எப்படிக் காத்து விடணும்னு எனக்கே இப்பத்தான் தெரியுது. இது போதும். நீங்க பாஸ்தான்..."

படித்துக்கொண்டே தாளின் கடைசி வரிகளுக்கு வந்தார். சிவப்புப் பேனா நின்றது.

"இது என்ன, ரெண்டும் போட்டிருக்கீங்க?"

"எது வேணுமோ அவர் எடுத்துக்கட்டும்மா."

அவர் சிரிக்கவில்லை. "எப்ப இருந்து அண்ணே?"

எல்லாரும் இதையேதான் முதலில் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷம்."

"நீங்க எழுதாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்கும் அதே யோசனைதாம்மா இருந்துச்சு."

இன்ஜினியரம்மா ஜன்னலில் படிந்த ஆவியைத் துடைத்தார். அது உடனே மறுபடியும் படிந்தது. "டாக்டர் பாத்து எழுதித் தரணும். அதுவரைக்கும் உங்களை அங்க நிக்க வைக்க என்னால முடியாது. வால்வு சீறினா எரியற மாதிரி ஒரு விளக்கு மாட்டலாம், மேல கேட்டுப் பாக்கறேன். கேக்கறேன்னு மட்டும்தான் சொல்ல முடியும் அண்ணே."

"சரிம்மா."

"இந்தத் தாளை அவர்கிட்டக் குடுத்துடறேன். இந்தக் கடைசி ரெண்டு வரி மட்டும் இப்ப வேண்டாம், வெட்டிடவா?"

"இருக்கட்டும்மா" என்றார் பாய்லர்காரர். "நான் பாய்லருக்குத் திரும்பி வந்தா இதை மறுபடி எழுத என்னால ஆகாது."

நேராக மடிப்பு ஹாலுக்குப் போனார். வேறெங்கே போவது என்று தெரியவில்லை. பெரிய கதவைத் தள்ளியதும் உருளைகளின் இரைச்சலும் சூட்டுத் துணி வாசனையும் முகத்தில் அடித்தன. முப்பது பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். நீளமான மேசைகளுக்கு நடுவே வழி தெரியாமல் நின்றார். அவர் அனுப்பிய நீராவிதான் இருபத்திரண்டு வருஷமாக இங்கே வந்துகொண்டிருந்தது. அவர் வந்ததில்லை.

மேஸ்திரியம்மா வேகமாக வந்தாள். "என்ன ஆச்சு? ஃபெயிலா?"

"பாஸு."

"பாஸானா இங்க எதுக்கு வந்தீங்க?"

"எழுதிட்டேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "காரணத்தையுமா?"

"அவன் மறந்துடுவாம்மா."

அவள் எதோ சொல்ல வாயெடுத்தாள். திட்டத்தான் போகிறாள் என்று எதிர்பார்த்து அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். பக்கத்து மேசைகளில் கைகள் நின்றுபோயிருந்தன. அதைக் கவனித்தவள் சட்டென்று திரும்பி, "என்ன வேடிக்கை? ஆஸ்பத்திரி வண்டி பதினோரு மணிக்கு வந்துரும்" என்று ஒரு சத்தம் போட்டாள். கைகள் மறுபடியும் ஓடத் தொடங்கின. உருளையிலிருந்து வெளியே வந்த பெரிய விரிப்பு ஒன்றை இழுத்து, இரண்டு மூலையை அவர் கையில் திணித்தாள். மறுபக்கம் அவளே பிடித்துக்கொண்டாள்.

"பின்னாடி போங்க. இன்னும். இழுத்துப் பிடிங்க, தொங்கக் கூடாது. இப்ப ரெண்டு மூலையையும் சேருங்க. அந்தக் கை இல்ல, இந்தக் கை."

"எந்தக் கை, மேஸ்திரியம்மா?"

மேசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். விரிப்பு முறுக்கிக்கொண்டது. பிரித்தார், மறுபடியும் சேர்த்தார், இந்த முறை தலைகீழாகச் சேர்ந்தது.

"மேஸ்திரியம்மா, புது ஆளு தேற மாட்டாரு போல இருக்கே" என்றாள் ஒருத்தி.

"உனக்கு எத்தனை நாள் ஆச்சுன்னு சொல்லவா?" என்றாள் மேஸ்திரியம்மா, அவரிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

உருளை இரைந்தது. விரிப்பின் அந்த முனையில் நின்று அவள் ஏதோ சொன்னாள், அவருக்கு ஒன்றும் விழவில்லை. அவள் புரிந்துகொண்டு, கத்தாமல், உதட்டை மட்டும் அகல விரித்து மறுபடியும் சொன்னாள். மூலைகளை உயரப் பிடித்துக்கொண்டு அவளை நோக்கி நடந்தார். பாதி வழியில் எந்த மூலையை எந்த மூலையோடு சேர்க்க வேண்டும் என்று மறந்துபோய், அவள் முகத்தைப் பார்த்தார்.

"கேக்குதா?" என்றது அவள் வாய்.

"தெரியுது" என்றார்.